அக்டோபர், நவம்பர்ல டெல்டா கடலோரமா கார் ட்ரிப்: வெளிநாட்டுல இருந்து வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்கூல் லீவு, தீபாவளி, அங்க குளிர் ஏறுறதுக்குள்ள ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்ங்கற நினைப்பு, இதெல்லாம் சேந்து அக்டோபர் நவம்பர்ல தான் வெளிநாட்டு சொந்தங்களுக்கு நம்ம பக்கம் ஞாபகம் வருது. இப்ப எல்லாருக்கும் ரோடு ட்ரிப் ஆசை வேற, சிதம்பரத்துல இருந்து கோடியக்கரை வரைக்கும் கடலை ஒட்டியே கார்ல போகணுமாம். நான் மயிலாடுதுறைல இருக்கறதால போன் எனக்கு தான் வருது, ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

அக்டோபர் நல்லதா, நவம்பர் நல்லதா?

ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னு சும்மா சொல்லி வைக்கல. வடகிழக்குப் பருவமழை பொதுவா அக்டோபர் 20 வாக்குல தொடங்கும், நம்ம கரையில நவம்பர்ல தான் வெளுத்து வாங்கும். தேதி உங்க கையில இருந்துச்சுன்னா செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் 15க்குள்ள வந்துட்டுப் போயிடுங்க. வெயில் இருக்கும், வேர்க்கும், சாயங்காலம் இடி இடிச்சு ஒரு மழை வரலாம், அவ்ளோதான், ரோடு காஞ்சிருக்கும்.

செப்டம்பர் முதல் வாரம் மட்டும் வேண்டாம். ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழா, காவி கட்டி நடந்து வர்றவங்க ரோடு பூரா, நாகப்பட்டினம் சுத்துவட்டாரத்துல ரூம் கிடைக்கவே கிடைக்காது. திருவிழாவையே பாக்கணும்னு வந்தா அது வேற விஷயம்.

இல்ல மச்சான், தீபாவளிக்கு தான் லீவு கிடைக்கும்னா தாராளமா வாங்க, ஆனா அதை மழை ட்ரிப்புன்னு நினைச்சுக்கிட்டு வாங்க. சம்பா நட்டு வயல் எல்லாம் பச்சையா நிக்கும், வாய்க்கால்ல தண்ணி ஓடும், மயிலாடுதுறைல ஐப்பசி பூரா காவிரில துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம்னு பெருசா நடக்கும், அது நவம்பர் நடுவுல வரும், அன்னைக்கு குளிக்க முடியாதவங்களுக்கு மறுநாள் கார்த்திகை 1ல முடவன் முழுக்கு. சித்திரை வைகாசில வர்றவன் பாக்குற டெல்டா வேற, இது வேற.

புயல் வந்தா என்ன செய்யிறது? பயமா இருக்கு

பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல தான் கரையேறுச்சு, தென்னை எல்லாம் சாஞ்சு கரண்ட் இல்லாம கிடந்த ஊர் எத்தனையோ. 2022 நவம்பர்ல புயலே இல்லாம சீர்காழில ஒரே நாள்ல 44 செ.மீ மழை. ஆனா இதெல்லாம் சொல்லாம கொள்ளாம வர்றதில்ல, புயல்னா நாலஞ்சு நாள் முன்னாடியே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதின்னு டிவில சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. வானிலை மையம் உங்க மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை குடுத்தா அன்னைக்கு கடல் பக்கம் போகாதீங்க, சிவப்புன்னா காரையே எடுக்காதீங்க, ரூம்ல உக்காந்து பஜ்ஜி சாப்பிடுங்க. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு நியூஸ்ல வரும், நம்பர் ஏற ஏற ஆபத்து, 11 வரைக்கும் உண்டு. மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108, போன்ல போட்டு வச்சுக்குங்க.

முக்கியமா, ஊருக்குத் திரும்புற பிளைட்டுக்கு முந்தின நாள் கோடியக்கரைல இருக்கற மாதிரி மட்டும் பிளான் போடாதீங்க.

கடலை ஒட்டியே ஒரே ரோடு போகுதா? மேப்ல ஈசிஆர்னு (கிழக்குக் கடற்கரைச் சாலை) காட்டுதே

இதுல தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. மகாபலிபுரத்துப் பக்கம் பாத்த ஈசிஆர மனசுல வச்சுக்கிட்டு, இடது பக்கம் ஃபுல்லா கடல் தெரியும்னு வர்றாங்க. இங்க அப்படி கிடையாது. காவிரி விரிச்ச கை விரல் மாதிரி பிரிஞ்சு கடல்ல சேருது, கொள்ளிடம், காவிரி, நண்டலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறுன்னு வரிசையா முகத்துவாரம். ஒவ்வொரு முகத்துவாரத்துலயும் பாலம் கட்ட முடியுமா, அதனால மெயின் ரோடு உள்ள தள்ளி போகுது, கடல் பாக்கணும்னா ஒவ்வொரு ஊருக்கும் தனியா இறங்கி, பாத்துட்டு, வந்த வழியே திரும்பி மெயின் ரோட்டுக்கு வரணும். பிச்சாவரத்துல நின்னு பாத்தா பழையாறு துறைமுகம் ரொம்ப தூரம் இல்ல, ஆனா கார்ல போகணும்னா சிதம்பரம் வந்து, கொள்ளிடம் பாலம் தாண்டி, திரும்ப கிழக்க போகணும்.

சிதம்பரத்துல இருந்து சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை வரைக்கும் மொத்தமே 150 கி.மீ பக்கம் தான். கூகுள் நாலு மணி நேரம்னு காட்டும், நம்பாதீங்க. நாலுவழிச்சாலை வேலைல சில பகுதி ஜம்முனு இருக்கும், சில இடத்துல டைவர்ஷன். அதை விட முக்கியம் நெல்லு. குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர்ல தான் நடக்கும், ரோட்டுல பாதிய நெல்லு காயப்போட்டு ஓரத்துல கல்லு வச்சிருப்பாங்க, ராத்திரில அது கண்ணுக்கே தெரியாது, பைக்காரன் எத்தனை பேர் விழுந்திருக்கான். கொள்முதல் நிலையம் பக்கம் லாரி வரிசை கட்டி நிக்கும். இருட்டினப்புறம் ஓட்ட வேண்டாம்னு நான் சொல்றதுக்கு காரணம் திருடன் இல்ல, நெல்லும் மாடும் அறுவடை மெஷினும் தான்.

தினம் ஒரு ஊர்ல ரூம் போடலாமா?

போடாதீங்கப்பா. இது ஒண்ணு தான் இந்த மொத்த எழுத்துலயும் நான் அடிச்சு சொல்றது. அமெரிக்கா, ஆஸ்திரேலியால ஒரு முனைல கிளம்பி மறு முனைல முடிக்கிற பழக்கத்துல அப்படியே இங்கயும் ஏழு ஊர்ல ஏழு ரூம் அட்வான்ஸ் கட்டிடுறீங்க, நடுவுல ஒரு நாள் மழை பிடிச்சா சீட்டுக்கட்டு சரியுது. இங்க தூரம் கம்மி, அதனால ரெண்டே இடம் போதும். வடக்கு பாதிக்கு மயிலாடுதுறை இல்ல சிதம்பரம், தெற்கு பாதிக்கு நாகப்பட்டினம் இல்ல வேளாங்கண்ணி. காலைல வானத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வெளிச்சமா இருந்தா கடல் பக்கம், மப்பா இருந்தா கோவில், கொட்டுச்சுன்னா கும்பகோணம் பக்கம் கடைத்தெரு. ஒவ்வொரு இடத்துலயும் மூணு ராத்திரி, அதுல ஒரு நாள் காலியா விடுங்க. காலி நாள் வேஸ்ட்டுன்னு நினைக்காதீங்க, மழை வரலைன்னா அந்த நாள்ல தான் சும்மா ஒரு ஆத்தங்கரைல உக்காருவீங்க.

நானே கார் ஓட்டலாமா?

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு இடது பக்கம் ஓட்டுறது பழக்கம். காரைக்கால் பூர்வீகமா இருந்து பிரான்ஸ்ல செட்டில் ஆனவங்க, கனடா, ஜெர்மனி, அமெரிக்காக்காரங்க எல்லாம் ரொம்ப யோசிக்கணும். லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும், இந்தியா 1949 ஜெனீவா ஒப்பந்தத்துல தான் இருக்கு, உங்க நாட்டுல ரெண்டு மூணு வகை குடுப்பாங்கன்னா அந்த வகையான்னு பாத்து வாங்குங்க. செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்கு கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டு சொந்த வண்டிய யாராவது சீப்பா வாடகைக்கு தர்றேன்னா வேண்டாம், இடிச்சா இன்சூரன்ஸ்ல சிக்கல்.

என்னைக் கேட்டா டிரைவரோட வண்டி எடுங்க. ஹாரன் சத்தத்துக்கும், எதிர்ல ராங் சைடுல வர்ற டிராக்டருக்கும் பழகவே உங்க லீவு முடிஞ்சிடும். இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. சென்னைல இருந்தோ திருச்சில இருந்தோ வெளியூர் டாக்ஸி மொத்தமா புக் பண்ணா பொதுவா ஒரு நாளைக்கு குறைஞ்சது 250 கி.மீ காசு, மேல டிரைவர் பேட்டா. நீங்க இங்க ஒரு நாளைக்கு 80 கி.மீ ஓட்டினாலே அதிகம், மிச்சத்துக்கு சும்மா காசு கட்டுறீங்க. அதுக்கு பதிலா சென்னை எழும்பூர்ல உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி மயிலாடுதுறைல இறங்கிடுங்க, அங்க ஊர் கார் ஸ்டாண்டுல நாள் வாடகை பேசி எடுங்க. உள்ளூர் டிரைவருக்கு எந்த பாலம் முழுகியிருக்கு, எந்த ரோடு சேறுன்னு போன்லயே தெரிஞ்சிடும், சென்னை டிரைவர் உங்களை மாதிரி தான் மேப் பாப்பாரு. திருச்சி ஏர்போர்ட்ல வந்து இறங்குறவங்களுக்கு இன்னும் சுலபம், தஞ்சாவூர் வழியா நாகப்பட்டினம் 140 கி.மீ போல தான்.

எதைப் பாக்கணும், எதை விடலாம்?

தரங்கம்பாடிய விடாதீங்க. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்ட்ட அனுமதி வாங்கி டென்மார்க்காரன் கட்டின கோட்டை, 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். 1706ல வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வச்சு தமிழ்ல அச்சடிச்ச ஊர் இது. கோட்டை பக்கத்துலயே கடற்கரைல மாசிலாமணிநாதர் கோவில், பழைய கட்டடத்துல பெரும்பகுதிய கடலே கொண்டு போயிடுச்சு, மிச்சத்தை எடுத்துக் கட்டியிருக்காங்க. கோட்டைக்குள்ள மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, அது தெரியாம வந்து வெளிய நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போறவங்க ஏராளம்.

பூம்புகார் பத்தி ஒரு வார்த்தை. கண்ணகி பொறந்த ஊர், பெரிய பழைய நகரம் தெரியும்னு நினைச்சு வந்தா ஏமாற்றமா இருக்கும். பழைய நகரம் கடலுக்குள்ள, இருக்கறது காவிரி கடல்ல சேர்ற இடமும், 1973ல கட்டின சிலப்பதிகாரக் கலைக்கூடமும், மீனவர் தெருவும் தான். எனக்கு அந்த முகத்துவாரம் ஒண்ணே போதும், அதுவும் ஐப்பசில காவிரில தண்ணி வரும்போது. கோடைல போனா மணல் தான்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு காலைல முதல் படகுக்குப் போங்க. பலத்த மழைன்னா படகு விட மாட்டாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டு கிளம்புங்க. முத்துப்பேட்டை அலையாத்திக்காடு இதை விடப் பெருசு, கூட்டமும் கம்மி, ஆனா வனத்துறை அனுமதி, படகு எல்லாம் முன்கூட்டியே பேசணும், நவம்பர் மழைல அதை நம்பி நாளை ஒதுக்காதீங்க.

திருநள்ளாறுக்கு சனிக்கிழமை போகாதீங்க, வேண்டுதல் இருந்தா தவிர. திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பண்ணத் தான் வெளிநாட்டுல இருந்து பாதி பேர் வர்றதே, அப்படின்னா முகூர்த்த நாளை முதல்ல ஃபிக்ஸ் பண்ணிட்டு ட்ரிப்பை அதைச் சுத்திப் போடுங்க. கோவில் எல்லாம் மத்தியானம் 12, 12.30 வாக்குல நடை சாத்தி நாலு மணிக்கு தான் திறப்பாங்க, அந்த நேரத்துக்கு நாகூர் தர்கா, வேளாங்கண்ணி வச்சுக்குங்க.

நாகூர்ல தர்காவோட பெரிய மனோரா 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப்சிங் கட்டிக்குடுத்தது. சிங்கப்பூர்காரங்க டெலோக் ஆயர் தெருவுல நாகூர் தர்கா பாத்திருப்பீங்க, இந்த கரைல இருந்து கப்பல் ஏறிப் போனவங்க அங்க எழுப்பினது அது, தர்காவோட எஜமான் சாகுல் ஹமீது ஆண்டவரோட அடக்கஸ்தலம் இங்க தான் இருக்கு. தர்காவோட வருஷத் திருவிழாவான கந்தூரி இப்ப சில வருஷமா நவம்பர், டிசம்பர் பக்கம் வருது, வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி நகரும், தேதி பாத்துக்குங்க.

மலேசியாக்காரங்களுக்கு நாகப்பட்டினம் ஒரு வகைல சொந்த ஊர் தான். ராஜராஜன் காலத்துல கடாரத்து (இன்னைக்கு மலேசியாவுல இருக்கற கெடா) அரசர் கட்டின சூடாமணி விகாரம்ங்கற புத்த விகாரம் இங்க தான் இருந்துச்சு, ராஜராஜன் ஆனைமங்கலத்தையே அதுக்கு எழுதிக் குடுத்தாரு. மிச்சம் இருந்த கோபுரத்தையும் 1867ல இடிச்சாச்சு, இங்க தோண்டி எடுத்த புத்தர் சிலைகள் சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு, வர்ற வழியிலயே பாத்துடுங்க. உங்க தாத்தா ரஜூலா கப்பல் ஏறினதும் பல பேருக்கு இந்த துறைமுகத்துல தான்.

கோடியக்கரைல ஃபிளமிங்கோ பாக்கணும். அக்டோபர்ல இருக்குமா?

வெளிநாட்டுப் பறவை அக்டோபர்ல வர ஆரம்பிக்கும், நல்ல கூட்டம் நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். பூநாரை கூட்டமா நிக்கணும்னா உப்பங்கழில தண்ணி அளவு சரியா இருக்கணும், மழை ரொம்ப பேஞ்சு தண்ணி ஏறிட்டா அது நிக்காது. கேரண்டி யாரும் குடுக்க முடியாது. ஆனா வெளிமான் கிட்டத்தட்ட நிச்சயம், காலைலயும் சாயங்காலமும் புல்வெளில மேயும், அதுல ஆண் மான் கொம்பு முறுக்கிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா பறவை வராத வருத்தம் போயிடும். காட்டுல திரியுற குதிரைங்களும் உண்டு. பைனாகுலர் உங்க ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. தங்க வேதாரண்யம் தான் வசதி, 11 கி.மீ. போற வழில அகஸ்தியம்பள்ளில 1930 ஏப்ரல்ல ராஜாஜி உப்பெடுத்த இடத்துல ஸ்தூபி இருக்கு, இறங்கிப் பாருங்க, அஞ்சு நிமிஷம். மழைக்காலத்துல உப்பளம் எல்லாம் முழுகி வெறும் தண்ணியா கிடக்கும், உப்புக் குவியல் போட்டோ வேணும்னா கோடைல வரணும்.

பசங்க கடல்ல குளிக்கணும்ங்கறாங்க

வேண்டாம். கால் நனைங்க, அதுக்கு மேல வேண்டாம். பருவமழை சமயத்துல நம்ம கடல் சீறும், அடில இழுக்கும், வேளாங்கண்ணிலயும் பூம்புகார்லயும் வருஷா வருஷம் யாராவது போயிடுறாங்க. ஆத்து முகத்துவாரம் இன்னும் மோசம், பாக்க அமைதியா இருக்கும். உள்ளூர் மீனவர் இறங்காதன்னு சொன்னா இறங்காதீங்க.

சாப்பாடு?

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, அதனால அக்டோபர்ல மீனுக்கு பஞ்சமில்ல, புயல் எச்சரிக்கைன்னு போட் போகாத நாள் தவிர. அப்படி நாலு நாள் போட் நின்ன பிறகு ஹோட்டல்ல வஞ்சரம்னு வச்சா அது ஐஸ்ல கிடந்தது தான், அன்னைக்கு சைவம் சாப்பிடுங்க. கொடுவா, சங்கரா, நண்டு எல்லாம் மெஸ்ல மத்தியானம் 1 மணிக்குள்ள போனா தான். புரட்டாசி சனிக்கிழமைல பாதி அசைவக் கடை காத்தாடும், சிலது மூடியே இருக்கும். நாகூர்ல சாயங்காலம் வாடா சாப்பிடுங்க, இறால் வச்சது. தண்ணி மட்டும் பாட்டில்.

காரைக்கால் வேற மாநிலமா?

புதுச்சேரி யூனியன் பிரதேசம். ரெண்டு பக்கமும் தமிழ்நாடு, நண்டலாறுலயும் வாஞ்சூர்லயும் செக்போஸ்ட். பெட்ரோல் கொஞ்சம் சீப், சரக்கு ரொம்பவே சீப், ஆனா சரக்கை வாங்கி டிக்கில வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக்குள்ள வந்தா கேஸ். வெளிநாட்டு பாஸ்போர்ட் காட்டினா விட்ருவாங்கன்னு நினைக்காதீங்க, இன்னும் சிக்கல் தான். டாக்ஸிக்கு பெர்மிட் இருக்கான்னு டிரைவர்ட்ட கிளம்பும்போதே கேளுங்க.

விசா, பணம், சிம்?

இ-விசா பெரும்பாலான நாட்டுக்கு உண்டு, சென்னை, திருச்சி ரெண்டு ஏர்போர்ட்லயும் இறங்கலாம். அரசாங்கத்தோட தளத்துல மட்டும் அப்ளை பண்ணுங்க, அதே மாதிரி தோற்றத்துல கூட காசு பிடுங்குற தளம் நிறைய. 2025 அக்டோபர் 1ல இருந்து வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க வர்றதுக்கு முந்தின 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல இ-அரைவல் கார்டும் நிரப்பணும். வேப் சிகரெட் 2019ல இருந்து இங்க தடை, டிரோன் கொண்டு வந்தா கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்க, ரெண்டையும் வீட்லயே விட்ருங்க. டீக்கடைல கூட ஜிபே தான், ஆனா உங்க வெளிநாட்டு கார்டு அங்க வேலை செய்யாது, சில்லறையா பணம் வச்சுக்குங்க. சிம் ஏர்போர்ட்லயே வாங்கிடுங்க. மழைல கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துடும், மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வைங்க.

ரூம் போடும்போது வெளிநாட்டு பாஸ்போர்ட்னு முன்னாடியே சொல்லிடுங்க. உங்க விவரத்தை அவங்க போலீஸ் போர்ட்டல்ல ஏத்தணும், அந்த வேலைக்குப் பயந்துக்கிட்டே சின்ன லாட்ஜ் சிலது ராத்திரி பத்து மணிக்கு ரூம் இல்லைன்னுடும். சொந்தக்காரங்க வீட்ல தங்கினாலும் வீட்டுக்காரங்க பதியணும், சித்தப்பாவுக்கு நீங்களே உக்காந்து பண்ணிக் குடுத்துடுங்க.

யாழ்ப்பாணத்துக்கு இங்க இருந்தே கப்பல்ல போயிடலாம்னு கேள்விப்பட்டோம்

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14ல தொடங்குச்சு, நின்னுச்சு, மறுபடி 2024 ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சுது. பருவமழைல கடல் சரியில்லைன்னு நிறுத்துறது வழக்கம். அதனால அக்டோபர் முன்பாதின்னா விசாரிச்சுப் பாருங்க, நவம்பர்னா அதை நம்பி பிளைட் டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்க. இ-விசால கப்பல்ல போக வர அனுமதி இருக்கான்னும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

தாத்தாவோட ஊர் எதுன்னு சரியா தெரியல, கண்டுபிடிக்க முடியுமா?

இந்த கேள்வி பினாங்கு, ஈப்போ பக்கத்துல இருந்து நிறைய வருது. வெறும் ஊர் பேர் மட்டும் வச்சுக்கிட்டு வராதீங்க, நல்லூர், புத்தூர், மேலையூர்னு டெல்டால ஒரே பேர்ல எத்தனையோ ஊர் இருக்கு. தாலுகா பேர் வேணும், பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், ஊர்ல இருந்து வந்த கடுதாசி உறை, எதுலயாவது தபால் ஆபீஸ் பேர் இருக்கும், அதை போட்டோ எடுத்துட்டு வாங்க. வீட்டுப் பெரியவங்கட்ட குலதெய்வம் பேரும், அது எந்த ஆத்தங்கரைன்னும் கேளுங்க, அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. இங்க வந்ததும் முதல்ல அந்த ஊர் டீக்கடை, அப்புறம் கோவில் பூசாரி, அதுக்கப்புறம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீஸ். சிட்டா, பட்டான்னு நிலத்தைப் பத்தி பேச்சை எடுத்துடாதீங்க, பங்கு கேக்க வந்திருக்காங்கன்னு நினைச்சு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. தாத்தா போட்டோ ஒண்ணு பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க, போன்ல காட்டினா வயசானவங்களுக்கு கண்ணு தெரியாது.